அவள் வரமாட்டாள் என்றேன்

என் மகளுக்கு ஆம்ஸ்டர்டாமில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொன்னவன் நான். அவளைக் கேட்காமல், அவள் பெயரில் சொன்னேன். இன்றுவரை அவளுக்கு அது தெரியாது.

நீங்கள் என்னை வெறுக்கலாம். முழுவதையும் கேட்டுவிட்டு வெறுங்கள்.

நான் ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன். ரிஸ்வானா பிறந்தபோது நான் அங்கே. அவள் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போன அன்றும் அங்கே. விடுமுறையில் அய்யம்பேட்டைக்கு வரும்போதெல்லாம், என் மனைவி ஜெமீலாவின் முந்தானைக்குப் பின்னால் நின்று, யாரோ விருந்தாளியைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்ப்பாள். பழகி, மடியில் வந்து உட்காரத் தொடங்குவாள்... எனக்குத் திரும்பிப் போகும் நாள் வந்துவிடும்.

உடம்பு ஒத்துழைக்காமல் ஒருவழியாக நான் ஊர் திரும்பியபோது, அவள் பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தாள். வங்கிகளுக்கு மென்பொருள் எழுதுகிறாள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. மதியம் மூவரும் ஒன்றாகச் சாப்பிடுவோம். குழம்பில் புளி கூடிவிட்டது என்று தாயும் மகளும் சண்டை போடுவார்கள். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய சுகம் எனக்கு வாய்த்ததில்லை. இதற்காகத்தானே அத்தனை வருடமும் ஏங்கினேன்?

ஒரு நாள் சாப்பாட்டின் நடுவே அவள் சொன்னாள்.

"அத்தா, நான் ஐரோப்பாவுக்கு ட்ரை பண்றேன். ஆம்ஸ்டர்டாம்ல எங்க வேலைக்கு நிறைய ஆள் எடுக்கறாங்க. விசாகூட அவங்களே பாத்துக்குவாங்க."

"இங்கயே நல்ல வேலைதானம்மா?"

"நல்ல வேலைதான். சம்பளத்துக்காக மட்டும் இல்ல அத்தா. அங்க போய் ஒரு தடவை வாழ்ந்து பாக்கணும்."

அங்கே எல்லோரும் சைக்கிளில்தான் வேலைக்குப் போவார்களாம். இவளுக்குச் சைக்கிள் விடத் தெரியாது. கற்றுக்கொடுக்க வேண்டியவன் கடலுக்கு அப்பால் இருந்தேனே... எங்கிருந்தோ ஒரு பழைய சைக்கிள் வாங்கி வந்தாள். மாலையில் அசர் தொழுகை முடிந்ததும், குடமுருட்டிக் கரைச் சாலையில், சீட்டைப் பிடித்துக்கொண்டு வளர்ந்த மகளின் பின்னால் நான் ஓடினேன். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்திருந்தது. நடவு நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். "விட்டுறாதீங்க அத்தா" என்று அவளும் சிரித்தாள். ஐந்து வயதில் கேட்டிருக்க வேண்டிய குரல் அது. அவள் போவதற்காகப் பழகிக்கொண்டிருக்கிறாள் என்பதையே அந்த மாலைகளில் நான் மறந்துவிட்டேன்.

பல சுற்று இன்டர்வியூ நடந்தது. கடைசிச் சுற்றும் முடிந்து, பதிலுக்காகக் காத்திருந்தாள். அப்போதுதான் ஒரு நாள் மதியம், ஜெமீலாவைக் கண் பரிசோதனைக்குத் தஞ்சாவூர் அழைத்துப் போனாள். அவசரத்தில் போனைச் சார்ஜரிலேயே விட்டுப் போய்விட்டாள். அது அடித்தது. வெளிநாட்டு எண்.

எடுத்தேன். மறுமுனையில் ஒரு பெண். நான் ரிஸ்வானாவின் தந்தை என்றதும் அந்தக் குரலில் அத்தனை மகிழ்ச்சி. நல்ல செய்தி சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றாள். நாங்கள் பேசியவர்களிலேயே உங்கள் மகள்தான் சிறந்தவள் என்றாள்.

நம்புங்கள், முதலில் எனக்குப் பெருமைதான் வந்தது. அதன் பின்னாலேயே விமான நிலையம் வந்தது. கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைக்கும் முகங்கள்... உள்ளே போகிறவனாக மட்டுமே இருந்திருக்கிறேன். வெளியே நின்று கையசைக்க எனக்குத் தெரியாது.

ஷார்ஜாவில் கற்ற ஆங்கிலத்தில், அவள் வரமாட்டாள் என்றேன். குடும்பச் சூழ்நிலை, சொல்லத் தயங்குகிறாள் என்றேன். அப்படியானால் அவளையே ஒரு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள் என்றாள் அந்தப் பெண்.

ரிஸ்வானாவின் லேப்டாப் மேசைமேல் இருந்தது. கரண்ட் பில் கட்டுவதற்காக அதன் பாஸ்வேர்டை எனக்கு அவளே சொல்லியிருந்தாள். அவள் மெயிலிலிருந்து, அவளாக, அந்த ஒரு வரியை நான் எழுதினேன். வருத்தம் தெரிவித்துப் பதில் வந்தது. அதை அழித்தேன். நான் எழுதியதையும் அழித்தேன். அத்தனையும் நிதானமாகச் செய்தேன் என்பதைத்தான் இன்று என்னால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் இருவரும் திரும்பி வந்தார்கள். அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஆம்ஸ்டர்டாம்லேருந்து போன் வந்துச்சும்மா."

"என்ன சொன்னாங்க?"

"வேற ஆளை எடுத்துக்கிட்டாங்களாம்."

வாசலிலேயே நின்றாள். "சரி அத்தா. கூப்பிட்டுச் சொன்னாங்களே, அதுவே பெரிசு" என்றாள்.

அவர்களுக்கு எழுதிக் கேட்டுவிடுவாளோ என்று பல நாள் பயந்துகொண்டிருந்தேன். கேட்கவில்லை. கெஞ்சுவதுபோல் ஆகிவிடும் என்று அம்மாவிடம் சொன்னாளாம்.

நான் போட்ட கணக்கு வேறு. திறமைசாலிப் பெண், இது போனால் இன்னொன்று வரும். அதுவரை இன்னும் கொஞ்ச நாள் என்னோடு இருப்பாள்... கொஞ்ச நாள்தான் கேட்டேன். ஆனால் அங்கே நிலைமை தலைகீழாகிவிட்டது. பெரிய கம்பெனிகளே ஆட்களை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கின. ஏற்கெனவே ஐரோப்பாவில் இருப்பவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று விளம்பரத்திலேயே போட்டார்கள். முன்பே போய்ச் சேர்ந்துவிட்ட அவள் தோழிகள் ஒரு கம்பெனியை விட்டு இன்னொன்றுக்கு மாறிப் பிழைத்துக்கொண்டார்கள். வெளியே நின்றவர்களுக்கு வழி இல்லை. பெங்களூர்க் கம்பெனியும் பாதிப் பேரை நிறுத்தியது. அதில் இவளும் ஒருத்தி.

இப்போது தஞ்சாவூரில் ஒரு சின்ன அலுவலகத்தில், அரிசி ஆலைகளுக்கு பில் போடும் புரோகிராம் எழுதுகிறாள். தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். அவள் போனில் இன்னும் அய்யம்பேட்டை, ஆம்ஸ்டர்டாம் என்று இரண்டு ஊர்களின் வானிலை இருக்கிறது. சித்திரை வெயிலில் வந்து உட்கார்ந்து, "அங்க இப்ப மழை அத்தா" என்பாள்.

பார்க்காத ஊரின் மழைக்கு ஏங்கும் அந்த முகம் எனக்குப் புதிதல்ல. ஷார்ஜாவில் இரும்புக் கட்டிலில் கிடந்து இந்த ஊர் மழையை நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். என் பக்கத்திலேயே இருக்கிறாள்... ஆனால் அவள் இங்கே இல்லை. இதைத்தானா நான் கேட்டேன்?

தொழுதுவிட்டுக் கை ஏந்தும்போது எனக்கு வார்த்தை வருவதில்லை. மனிதருக்குச் செய்த தீங்கை முதலில் அந்த மனிதர் பொறுத்தால்தான் இறைவனும் பொறுப்பான் என்பது எங்கள் மார்க்கம். அவள் பொறுக்க வேண்டுமானால் அவளுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால், மறுபடியும் என்னை யாரோ விருந்தாளியைப்போல் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பயந்தே ஒவ்வொரு நாளையும் தள்ளுகிறேன்.

சென்ற வெள்ளிக்கிழமை கேட்டாள்.

"அத்தா, அன்னைக்கு ஆம்ஸ்டர்டாம்லேருந்து பேசினவங்க வேற எதாவது சொன்னாங்களா? நான் எதுல கொறஞ்சேன்னு தெரிஞ்சா சரி பண்ணிக்கலாம்னு பாக்கறேன்."

"பேசினவங்கள்லயே நீதான் சிறந்தவள்னு சொன்னாங்கம்மா."

முகம் மலர்ந்தது. அதைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று... "நெசமாவா? இத்தனை நாள் சொல்லவே இல்லையே அத்தா" என்றாள்.

மீதியையும் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவளே கேட்டாள். "அப்புறம் ஏன் என்னை எடுக்கல?"

"தெரியலம்மா" என்றேன்.

பிறகு லேப்டாப்பைத் திறந்து, வேறொரு கம்பெனிக்கு விண்ணப்பம் எழுத ஆரம்பித்தாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.