சொந்த வீட்டு வாட்ச்மேன்

என் அக்காள் வீட்டுக்காரர் சைமன் கொடைக்கானலை விட்டு எங்கும் போய் வாழ்ந்ததில்லை. உடனே ஊர்ப்பாசம், மண்வாசனை என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அந்த மனிதருக்கு அப்படி ஒரு இழவும் கிடையாது. ஏரியில் படகு ஏறியதில்லை, தூண்பாறையை எட்டிப் பார்த்ததில்லை. குறிஞ்சி பூத்த வருஷம் ஊரே திரண்டு பார்க்கப் போனபோது, "பூத்தா பூத்துட்டுப் போகுது" என்று கூரைத் தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். "ஏன் மாமா நீங்க வெளியூரே போகல?" என்று ஒருமுறை கேட்டேன். வெகுநேரம் யோசித்துவிட்டு, "போகல செலினா, அவ்வளவுதான்" என்றார். இதைச் சொல்லவா இவ்வளவு யோசனை என்று எனக்கு எரிச்சல் வந்தது.

வாய்ப்பு வராமல் இல்லை. பள்ளிக்கூட விடுதி ஒன்றில் சாப்பாடு பரிமாறுகிற வேலை அவருக்கு. அங்கிருந்த பாதிரிச் சாமியார் மதுரைக்கு மாற்றலாகிப் போகும்போது கூட வரச் சொன்னார். "அங்க வெக்கை, சாமி" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார். மகன் ரீகன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து, அப்பாவையும் அம்மாவையும் வந்துவிடச் சொல்லிக் கெஞ்சினான். "அங்க நமக்கு என்ன சோலி?" என்றார். ஊரை விட்டு இறங்குவதென்றால் கீழ்மலைப் பண்ணைக்காட்டில் இருக்கும் என் வீடு வரைக்கும்தான். வந்தால் ஒரு வாய் காப்பி, கொண்டுபோக ஒரு வாழைத்தார், கொஞ்சம் மிளகு. உட்கார்ந்த இடம் சூடாவதற்குள் பஸ்ஸைப் பார்க்க எழுந்துவிடுவார்.

அக்காள் செல்வமேரியும் அதே ரகம். நாங்கள் இருவரும் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் பிறந்தவர்கள். என்னைக் கீழே பண்ணைக்காட்டில் கட்டிக்கொடுத்தார்கள். அவள் பிறந்த வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டாள். அதில் அவளுக்கு என்மேல் கொஞ்சம் எகத்தாளம்கூட உண்டு. "நீ கல்யாணத்துக்கு அழுதுக்கிட்டே பஸ் ஏறின. நான் செருப்புகூடப் போடாம நடந்தே போயிட்டேன்" என்பாள்.

ஆனால் ஊரிலேயே இருந்தார்களே தவிர, வீட்டிலேயே இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. கொடைக்கானலில் சீசன் என்றால் என்னவென்று மேலே வந்து போகிறவர்களுக்குத் தெரியும், ஊர்க்காரர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியாது. சித்திரை பிறந்ததும் தெருவில் பாதிப் பேர் தங்கள் வீட்டை விட்டு வெளியேறிவிடுவார்கள். முன்பக்கத்தைக் கழுவித் துடைத்து, புது மெத்தை விரிப்புப் போட்டு, டூரிஸ்ட்டுகளுக்கு விட்டுவிட்டு, பாய் தலையணையோடு பின்பக்கத்து அடுப்படிக்கோ விறகுக் கொட்டகைக்கோ குடிபோவார்கள். மழை பிடித்து, கார்களெல்லாம் இறங்கிப் போன பிறகு திரும்பி முன்னால் வருவார்கள். யாரும் இதை ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. அடுத்த வருஷத்துக்கான அரிசியும் பள்ளிக்கூடத்துப் பீஸும் அந்தச் சில வாரங்களில்தான் வருகின்றன.

மாமா வீட்டுக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது விக்னேஷ். மூஞ்சிக்கல் முக்கில் நின்று கார்களை மறித்து "ரூம் வேணுமா சார்?" என்று கேட்ட காலத்திலிருந்தே பழக்கம். இப்போது எல்லாம் போனில் நடக்கிறது. அவன்தான் ஒருநாள் அந்த யோசனையைச் சொன்னான். "அங்கிள், ஓனர் கூடவே இருக்காருன்னா கெஸ்ட் கூச்சப்படுறாங்க. ரிவ்யூல எழுதுறாங்க. நீங்க வாட்ச்மேன்னு சொல்லிக்குங்க, போதும்." மாமாவுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஒரு பழைய கம்பளிக் குல்லாவை மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்துவிட்டு, "வாங்க சார், வெந்நீர் காலைல ஆறு மணிக்கு வரும்" என்று ஆரம்பித்துவிட்டார். பரிமாறிய கை, பழகிய பணிவு. அக்காள் வாட்ச்மேன் சம்சாரம் ஆனாள். "ஓனரு எந்த ஊரும்மா?" என்று கெஸ்ட் கேட்டால், "அவரு பெரிய ஆளு, வரவே மாட்டாரு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்ச் சிரிப்பாள்.

அவளுக்கு இருந்த ஒரே மனக்குறை ஆண்டவர் படம். முன்னறைச் சுவரில் திரு இருதய ஆண்டவர் படம் ஒன்று இருந்தது. அவள் மாமனாரும் மாமியாரும் செத்தபோது அந்தப் படத்துக்கு அடியில்தான் பெட்டியை வைத்து, விடிய விடிய ஜெபம் சொன்னோம். சீசனுக்குச் சீசன் அதைக் கழற்றிக் கொட்டகைக்குக் கொண்டுபோய், முன்னறையில் விக்னேஷ் வாங்கிக் கொடுத்த அருவிப் படத்தை மாட்டுவார்கள். "எல்லா விதமான கெஸ்ட்டும் வருவாங்கல்ல ஆன்ட்டி" என்பான். சிலிண்டருக்குப் பக்கத்தில் ஆண்டவரைச் சாத்தி வைக்கும்போதெல்லாம் அக்காள் சொல்லுவாள்: "இருக்கையிலதான் இங்கிட்டும் அங்கிட்டும் அலையுறேன். போகையில என்னைய முன்னறையிலதான் கெடத்தணும். ஆண்டவருக்கு நேரா. கேட்டுக்கிட்டீகளா?" மாமா "சரி, சரி" என்பார். என்னிடமும் சொல்லியிருக்கிறாள். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

சரியாக மே மாதம் பார்த்து அவளுக்கு நெஞ்சு வலி வந்தது. வெள்ளனே எழுந்து கெஸ்ட்டுக்கு டீ போட்டுக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது. எனக்குப் போன் வந்ததும் கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். பெருமாள்மலைக்கு மேல் பஸ் நகரவில்லை. முன்னும் பின்னும் கார்கள், ஜன்னலுக்கு வெளியே ஆட்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெண் "மேகம் எவ்ளோ கிட்ட இருக்கு பாருங்க" என்று என்னிடமே சொன்னாள். நான் பார்த்தேன். மேகம் கிட்டத்தில்தான் இருந்தது. அழுகை வரும் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்காளைப் பின்பக்கக் கொட்டகையில் கிடத்தியிருந்தார்கள். விறகை ஒரு பக்கமாக ஒதுக்கி, இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு, மேலே புதுச் சேலை. தலைமாட்டில் அரிசி டிரம். டிரம்மின் மேல் ஆண்டவர் படம். தெருப் பெண்கள் நிற்க இடமில்லாமல் குடையோடு தூறலில் நின்று ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். முன்னறையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"மாமா, அக்காளை ஏன் இங்க போட்டிருக்கீங்க?" என்றேன்.

"முன்னாடி ஆளு இருக்காங்க. நாளைக்கழிச்சுத்தான் காலி பண்ணுவாங்க."

"இன்னைக்குச் சாயங்காலம் அடக்கம். அதுவரைக்கும் அந்த ஒரு அறைய விடச் சொல்லுங்க. மனுஷங்கதானே, சொன்னா விட மாட்டாங்களா?"

அவர் காலடியில் கிடந்த ஒரு விறகை ஓரமாகத் தள்ளி வைத்தார். குல்லா தலையில் இருந்தது. அதைக் கழற்றத் தோன்றவில்லை போலிருக்கிறது. அந்தக் குல்லாவைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக முன்பக்கம் போய்க் கதவைத் தட்டினேன். அவர் பின்னாலேயே வந்தார்.

தலையில் துண்டு சுற்றிய ஒரு சின்னப் பெண் கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்துவிட்டு, என் தோளுக்கு மேலாக மாமாவைப் பார்த்தாள். "அண்ணா, சுடுதண்ணி வரலையே" என்றாள்.

"இதோ வந்துரும்மா. வெரசா போட்டுறேன்" என்றார் மாமா.

பெண்டாட்டி செத்துக் கிடக்கிறாள், இந்த மனிதர் வெந்நீர் போடுகிறேன் என்கிறார். நான் வாயைத் திறந்தேன். "இங்க பாரும்மா, இந்த வீட்டு ஓனரு..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் உள்ளேயிருந்து இரண்டு பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் பாட்டை நிறுத்தினான். பின்பக்கத்து ஜெபச் சத்தம் அப்போதுதான் அவர்கள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"யாருக்கு என்ன ஆச்சுண்ணா?" என்றான் ஒருவன்.

"என் சம்சாரம் தவறிட்டாங்க தம்பி. பின்னாடிதான் வச்சிருக்கோம். உங்களுக்குத் தொந்தரவு இருக்காது."

அந்தப் பையன்கள் பதறிப் போனார்கள். நல்ல பிள்ளைகள், திட்டக்கூட வழியில்லை. "ஐயோ அண்ணா, நீங்க போங்க, வெந்நீரெல்லாம் வேணாம்" என்றார்கள். பிறகு அந்தப் பெண் கேட்டாள்: "ஓனர்ட்ட சொல்லிட்டீங்களா? லீவு குடுத்தாரா?"

"சொல்லிட்டேம்மா" என்றார் மாமா. "குடுத்துட்டாரு."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றுமே இல்லை. அழுகை, கோபம், வெட்கம், ஒன்றுமே இல்லை. உண்மையைச் சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைகள் அந்த நிமிஷமே அறையைக் காலி செய்திருப்பார்கள். ஆனால் இத்தனை நாள் அண்ணா என்று கூப்பிட்டு டீ கேட்டவர்கள் முன்னால் அவரைப் பொய்யராக நிறுத்த எனக்கு வாய் வரவில்லை. திரும்பி நடந்தோம். மாமா கொட்டகை வாசலில் நின்று, "இத்தனை வருஷமா வாட்ச்மேன்னு சொல்லிட்டேன் செலினா. இன்னைக்குப் போயி எப்படி ஓனருன்னு நிக்கிறது?" என்றார். நான் உள்ளே போய் அக்காள் காலடியில் உட்கார்ந்தேன். கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

சாயங்காலம் பெட்டியை முன்வாசல் வழியாகக் கொண்டுபோக முடியவில்லை, கெஸ்ட் காரும் பக்கத்து வீட்டுக் கெஸ்ட் காரும் அடைத்துக்கொண்டிருந்தன. சாவி தேடி எடுத்து அந்தப் பையன்கள் காரை நகர்த்துவதற்குள் சுவர் ஓரமாகவே சாய்த்துத் தூக்கிப் போய்விட்டோம். அவர்களும் கல்லறை வரைக்கும் கூடவே நடந்து வந்தார்கள். பெங்களூரிலிருந்து ரீகன் வந்து சேர்ந்தபோது மண் போட்டாகிவிட்டது. மலைப்பாதையில் அவனும் கார்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டான்.

அதற்கப்புறம் ரீகன் எவ்வளவோ கூப்பிட்டுப் பார்த்தான். "இனி யாருப்பா இருக்கா அங்க?" என்றான். அவர் போகவில்லை. மழைக்காலத்தில் முன்னறைக்குத் திரும்பி வருவார் என்று பார்த்தோம், அதுவும் வரவில்லை. கொட்டகையிலேயே படுத்தார். நானும் சும்மா விடவில்லை, மாதம் ஒருமுறை போய்ச் சத்தம் போட்டேன். "குளுருல கெடந்து சாகப்போறீங்களா? முன்னாடி போய்ப் படுங்க." "இங்கயே பழகிருச்சு" என்பார். தெருவில் இருப்பவர்கள், "என்ன மனுஷன்யா, ஊரை விட்டு அசைய மாட்டேங்கறாரு, அப்படி ஒரு பாசம்" என்று பேசிக்கொண்டார்கள். பாசமாம்.

இந்த மே மாதம் அக்காளின் வருஷப் பூசை வந்தது. கோயிலில் பூசை முடிந்து, ரீகனையும் அவன் பெண்டாட்டியையும் கல்லறையில் விட்டுவிட்டு நான் மட்டும் முன்னதாக வீட்டுக்கு வந்தேன். சமைக்க வேண்டியிருந்தது. தெரு முழுக்கக் கார். மாமா வீட்டு வாசலில் மட்டும் ஒன்றுகூட இல்லை. முன்கதவு சாத்தியிருந்தது. பூசை முடிந்த கையோடு யாரிடமும் சொல்லாமல் கிளம்பி வந்த மனிதர், பின்பக்கம் பாய்லரில் விறகு தள்ளிக்கொண்டிருந்தார். தலையில் அதே குல்லா.

"முன்னாடி காலியாத்தானே கெடக்கு? அங்க வச்சுச் சமைக்கலாம்ல?" என்றேன்.

"இல்ல. புக் ஆகியிருக்கு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த பையைக் கீழே போட்டேன். "இன்னைக்குமா மாமா? அவ வருஷ நாளுலகூட உங்களுக்குச் சும்மா விடத் தோணலையா? யாரு வர்றா?"

அவர் ஒரு விறகை உள்ளே தள்ளினார். அது பிடித்துக்கொள்கிறதா என்று குனிந்து பார்த்தார்.

"விக்னேஷுக்குப் போன் போட்டு நான்தான் புக் பண்ணச் சொன்னேன். என்ன பேருலன்னு கேட்டான். செல்வமேரின்னேன். எத்தனை பேருன்னான். ஒருத்தருன்னேன்."

கீழே போட்ட பையை எடுத்தேன். பாய்லரில் தண்ணீர் சூடாகிற சத்தம் கேட்டது.

"விடியறதுக்கு முன்னாடியே வந்தாச்சு" என்றார். "ஆண்டவர் படத்த மாட்டிட்டேன். விரிப்பு மாத்திட்டேன். நீ போயி, வேற ஏதாச்சும் வேணுமான்னு பாரு."

முன்பக்கம் போனேன். கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன்.