வேரோடு வேண்டும்

சரக்கு வந்து இறங்கும் வாசலில் நின்று ‘ஓகே’, ‘ரிஜெக்ட்’ எழுதுகிறவனுக்குத் தெரியாததே இருக்கக் கூடாது. தெரியாவிட்டாலும் எழுத வேண்டும். இந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களே, உங்களுக்குத்தான் இது புரியும். இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனிக்கு போல்ட் சரிபார்த்துக்கொண்டிருந்த நான், மண்ணூர்ப் பக்கம் பயிர் டானிக் கம்பெனிக்கு மாறினேன். அதற்கு மூலப்பொருள் கட்டக்கோரை. ராமநாதபுரம் கடலோரத்திலிருந்து காய்ந்து மூட்டையாக வரும் பழுப்புக் கடல்பாசி.

முட்டை

முதல் மூட்டையைப் பிரித்தால் தண்டெல்லாம் மணிமணியாக ஏதோ ஒட்டியிருந்தது. பூச்சி முட்டை என்று முழு லோடையும் ஓரங்கட்டி, போட்டோவும் எடுத்துவிட்டேன். பேக்கிங் லைன் செல்வி வந்து பார்த்தாள். அந்தக் கடலோரத்துப் பெண். அவள் அம்மா பாசி எடுக்கிறவர். ஒரு மணியை நசுக்கி, “காத்துப் பை சார். இது இருந்தாத்தான் செடி தண்ணிக்குள்ள நிமிந்து நிக்கும்” என்றாள். லோடு இறக்க வந்த எத்திராஜ் விடுவாரா?

“இன்னா சார், காத்தைப் போயி ரிஜெக்ட் பண்ணிகினு கீறே?”

உடைசல்

அந்த அவமானத்தில் கறாராகிவிட்டேன். அடுத்த லோடு அடி அறுத்த தண்டுகளாக வந்தது. “உடைசல். வேரோடு முழுச் செடியாக வேண்டும்” என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். அதன்பின் அடிக்கட்டையும் அதில் ஒட்டிய கல்லுமாக ஒழுங்காக வந்தது. மேனேஜர் தோளில் தட்டினார்.

“இதாம்பா குவாலிட்டி.”

லீவு

இரண்டு வருஷம் கழித்து செல்வி லீவு கேட்டு வந்தாள். கடலுக்குள் அம்மாவின் காலைப் பாறை கிழித்துவிட்டதாம், ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம். இடுப்பளவு தண்ணீரில்தானே எடுப்பார் என்று கேட்டேன்.

“அங்க இப்ப மொட்டைப் பாறைதான் சார். மீன்குஞ்சு ஒதுங்கக்கூட இடமில்ல. பாசிக்கு வேரே கிடையாது, பாறையைப் பிடிச்சுக்கிற பிடிதான். அதை விட்டுட்டு மேல அறுத்தா திரும்பத் தழைக்கும். கம்பெனி வேரோட கேட்டுச்சுன்னு பிடுங்கிட்டாக. அதான் அம்மா ஆழத்துக்குப் போறாக.”

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. நான்தான் எழுதினேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. லீவு பேப்பரில் கையெழுத்துப் போட்டேன். அவளே எனக்கு ஆறுதல் சொல்வதுபோல் சொன்னாள்.

“எவனோ தெரியாதவன் எழுதியிருப்பான், விடுங்க சார்.”

அந்த எவனோ அதே நாற்காலியில் உட்கார்ந்து இப்போது ‘அடிக்கட்டை இருந்தால் ரிஜெக்ட்’ என்று எழுதுகிறான். அதற்கும் மேனேஜர், “இதாம்பா குவாலிட்டி” என்றுதான் தட்டிக்கொடுக்கிறார்.