எல்லாரும் ஒரே படகு, பஸ் மட்டும் கிடையாது

போன வாரம் எங்கள் கம்பெனியில் ஷிஃப்ட் பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஆர்டர் குறைந்துவிட்டதாம். மேனேஜர் மைக்கைப் பிடித்து, "வி ஆர் ஆல் இன் த சேம் போட்" என்றார். ஒருவரும் கைதட்டவில்லை.

எங்களுக்கு இங்கிலீஷ் புரியவில்லை என்று அவராகவே முடிவு செய்துவிட்டார். அதனால் இன்று ஒரு டிரெய்னரை வரவழைத்து, இங்கிலீஷ் இடியம்களுக்கு வகுப்பு வைத்தார். தானும் பின்வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"சேம் போட்னா, எல்லாருக்கும் ஒரே கஷ்டம்னு அர்த்தம். யாராச்சும் ஒரு எக்ஸாம்பிள் சொல்லுங்க" என்றார் டிரெய்னர்.

லேத் ஓட்டும் முருகேசன் எழுந்தார்.

"நான் மூக்கண்டப்பள்ளியில இருந்து நடந்து வந்தேன் சார். மேனேஜர் சார் பெங்களூர்ல இருந்து ஏசி கார்ல வந்தாரு. வி ஆர் இன் த சேம் போட்."

டிரெய்னர் சிரிப்பை அடக்க இருமினார். பின்வரிசையிலிருந்து மேனேஜர் குரல் வந்தது.

"எக்ஸாம்பிள் தப்பு. வேற சொல்லுப்பா."

அப்பாடா, ஒருவழியாக ஒப்புக்கொண்டார்.

தீபாவளி வேறு நெருங்குகிறது. போனஸுக்கு உங்கள் கம்பெனியில் என்ன இடியம் சொன்னார்கள்? இங்கே எழுதிவிட்டுப் போங்கள், நாங்கள் இப்போதே அர்த்தம் படித்து வைத்துக்கொள்கிறோம்.