விஜயதசமியன்று வாங்கிய பனிச்சறுக்குப் பாஸ்

என் மனைவி காலமானபோது வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் அவளுடைய பொறுமையைப் பற்றிப் பேசினார்கள். சிலர் அவளுடைய சமையலைப் பற்றியும் பேசினார்கள். நான் தலையசைத்துக் கேட்டுக்கொண்டேன். அவர்கள் சொன்னதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அவள் பனித்தளத்தில் சறுக்கியதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. அங்கே கூடியிருந்தவர்களில் அதைக் கண்ணால் கண்டவன் நான் ஒருவன்தான். துக்க வீட்டில் சொல்லத்தக்க செய்தியாக அது எனக்கு அன்று தோன்றவில்லை. இப்போது தோன்றுகிறது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் குடியிருந்தோம். நான் அரசாங்கத்தில் நில அளவைத் துறை அதிகாரி. இளைய மகனும் படிப்புக்காகப் பினாங்குக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு நாள் காலை, அலுவலகத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த என்னிடம் அவள் சொன்னாள்: “நான் காலேஜில சேர்ந்துட்டேங்க. அடுத்த வாரம் கிளாஸ் ஆரம்பம்.” சேரலாமா என்று கேட்கவில்லை, சேரப்போகிறேன் என்றும் சொல்லவில்லை. பள்ளியின் ஐந்தாம் படிவத்தோடு, பதினேழு வயதில் நின்றுபோன படிப்பு. எங்கள் திருமணத்துக்காக நின்ற படிப்பு. அவளுக்கு அப்போது வயது நாற்பத்து மூன்று.

கல்லூரி பெட்டாலிங் ஜெயாவில் இருந்தது. பாலர் கல்வியில் டிப்ளோமா. வகுப்பில் மற்ற எல்லாரும் பள்ளியை முடித்து நேராக வந்த பிள்ளைகள். முதல் நாளிலேயே அவளுக்கு ‘ஆன்டி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. ஆன்டி வயதுதானே என்றாள்.

வருத்தம் வேறொரு நாள் வந்தது. சுங்கை வேயைத் தாண்டிப் புதிதாக எழுந்த ஒரு பேரங்காடிக்குள் பனிச்சறுக்குத் தளம் ஒன்றைத் திறந்திருந்தார்கள். ஆண்டு முழுவதும் வியர்வையில் நனையும் ஊரில், நான்கு சுவருக்குள் நீரை உறையவைத்து அதன்மேல் மக்களை ஓடவிட்டிருந்தார்கள். வகுப்புப் பிள்ளைகள் ஒரு பிற்பகல் அங்கே போனபோது அவளையும் அழைத்துப் போனார்கள். மாலையில் திரும்பி வந்தவளிடம் எப்படி இருந்தது என்று கேட்டேன்.

“பைங்க எல்லாம் பத்திரமா இருந்துச்சு” என்றாள்.

பிறகு நடந்ததைச் சொன்னாள். பிள்ளைகள் தங்கள் பைகளை எல்லாம் அவள் அமர்ந்திருந்த பலகையில் குவித்துவிட்டுப் பனிக்குள் போய்விட்டார்கள். ஆட்டம் முடிந்து வந்த ஒரு பெண், “நல்லவேளை ஆன்டி வந்தாங்க. இல்லாட்டி லாக்கர் எடுத்திருக்கணும்” என்றாளாம். நன்றியோடு சொன்ன சொல்தான். இதை என்னிடம் சொல்லும்போது என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவே இல்லை.

“டிசம்பர்ல பரீட்சை முடிஞ்சதும் மறுபடி போறாங்களாம். அன்னைக்கு நான் பலகையில உட்கார மாட்டேன். உள்ள போயி, கம்பியப் பிடிக்காம, முழுசா ஒரு சுத்து சுத்திட்டுத்தான் வெளிய வருவேன்.”

நான் இங்கிலாந்தில் மேற்படிப்புப் படித்தவன். அந்நாட்டின் குளிர்காலங்களில் உறைந்த நடைபாதைகளைச் சுவரோரமாகக் கடந்தவன். எனவே பனியைப் பற்றி அறிவுரை கூறும் தகுதி எனக்கு உண்டு என்று கருதி, அது எவ்வளவு வழுக்கும், முறிந்த எலும்பு இந்த வயதில் எவ்வளவு தாமதமாகக் கூடும் என்பதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

“அங்க நீங்க எத்தன தடவ விழுந்தீங்க?”

“ஒரு தடவைகூட விழுந்ததில்ல.”

“அப்ப ஒங்களுக்கு ஐஸப் பத்தி ஒண்ணும் தெரியாது” என்றாள்.

அதன்பின் பேச்சு, எந்தப் பாஸ் வாங்குவது என்பதைப் பற்றியதாக மாறியது. தளத்தில் மூன்று வகை இருந்தன. எல்லா நாளும் எந்நேரமும் நுழையத்தக்க முழுப் பாஸ் ஒன்று. பத்து முறை மட்டும் துளையிட்டு அனுமதிக்கும் அட்டை ஒன்று. வார நாள்களில் பகலில் மட்டும் செல்லத்தக்க, மூன்று மாதத்துக்கான மாணவர் பாஸ் ஒன்று. நான் பத்து முறை அட்டையைப் பரிந்துரைத்தேன். பத்து முறை போய்ப் பார்த்தால் ஒத்துவருமா வராதா என்பது விளங்கிவிடும் என்பது என் வாதம்.

“பத்தும் விழுந்து எந்திரிக்கிறதுக்கே சரியாப் போயிரும்” என்றாள்.

முழுப் பாஸ் வாங்கித் தருகிறேன் என்றேன். அதையும் மறுத்தாள். மாணவர் பாஸில் புகைப்படம் ஒட்டுவார்கள்; புகைப்படத்தின் கீழே ‘மாணவர்’ என்று அச்சிட்டிருக்கும். கல்லூரி அட்டை இன்னும் அச்சாகி வரவில்லை. கையில் இருந்தது கட்டணம் கட்டிய தாள் மட்டும். ஆகவே அந்தச் சொல்லோடு தன் முகம் சேர்ந்து வரும் முதல் அட்டை இதுதான். அவள் சொல்லாமலே அது எனக்குப் புரிந்தது. நான் வாதத்தை நிறுத்தினேன்.

வாங்கும் நாளையும் அவளே குறித்தாள். புதிய கல்வி எதையும் விஜயதசமியன்று தொடங்க வேண்டும் என்பது எங்கள் வீடுகளில் கேள்விக்கு அப்பாற்பட்டது. எங்கள் மகன்கள் இருவருக்கும் அன்றுதான் பச்சரிசியில் விரல் பிடித்து எழுத வைத்தோம். சறுக்குவதும் கல்விதானே என்றாள். அந்த ஆண்டு விஜயதசமி புதன்கிழமையில் வந்தது. புதனன்று நண்பகல் பன்னிரண்டுக்கு ராகுகாலம். அதற்குள் பாஸ் கைக்கு வந்துவிட வேண்டும். நான் அரைநாள் விடுப்பு எடுத்தேன். கோயிலில் அர்ச்சனை முடிய நேரமாயிற்று. கூட்டரசு நெடுஞ்சாலையில் லோரி ஒன்று பழுதாகி நின்றதில் இன்னும் நேரமாயிற்று. தளத்தின் டிக்கெட் முகப்பை நாங்கள் அடைந்தபோது பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது.

முகப்பில் இருந்தவள் கிள்ளானைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண். என் மனைவியின் நெற்றியில் இருந்த திருநீற்றையும் கல்லூரித் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஆன்டி, பாஸ் மகளுக்கா?”

“எனக்குத்தான்மா. சீக்கிரம் போடு.”

“ஆன்டி, ஒண்ணு சொல்லிடுறேன். ஸ்கூல் லீவுல இந்தப் பாஸ் செல்லாது லா.”

“நான் ஸ்கூல் இல்லம்மா, காலேஜ். நீ முத்திரையக் குத்து, மணியாவுது.”

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். முத்திரை விழுந்தது. பன்னிரண்டு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் என் மனைவி மாணவியானாள்.

ஒரு வாரம் கழித்து, அவள் முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்த மாலையில், மேசைமேல் கிடந்த அட்டையைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் படித்தேன். பள்ளி விடுமுறைக் காலம் முழுவதும் வார இறுதியாகவே கொள்ளப்படும். யாருடையதாயினும் மாணவர் பாஸ் அந்நாள்களில் ஏற்கப்படாது. சுவரில் தொங்கிய மளிகைக்கடை நாள்காட்டியை எடுத்துவந்தேன். ஆண்டிறுதி விடுமுறை நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் முடியும் வரை நீண்டது. நாங்கள் நல்ல நாளும் நல்ல நேரமும் பார்த்து வாங்கிய மூன்று மாதத்தில் பாதிக்குமேல் பனிக்கு வெளியே நின்றது. இன்னும் சில மாதம் முன்போ பின்போ, ஏதோ ஒரு கெட்ட நாளில் வாங்கியிருந்தால் முழுமையும் கிடைத்திருக்கும்.

“நல்ல நாள் பார்த்துத்தானே வாங்கினோம்” என்றேன்.

“நாளு நல்ல நாளுதான். பாஸுதான் சரியில்ல” என்றாள்.

முழுப் பாஸாக மாற்றிவிடலாம் என்று மறுபடியும் சொன்னேன். அவள் அட்டையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். டிசம்பரில் போவதானால் அந்த மாணவர் பாஸ் செல்லாது. தவிர, விடுமுறைக் கூட்டத்தில் தளம் பாசார் மாலாம் இரவுச்சந்தை போல ஆகிவிடும், யாராலும் ஒரு சுற்றுக்கூடப் போக முடியாது. மறுநாள் அவள் வகுப்புக்குப் போய், தேதியையே மாற்றிவிட்டு வந்தாள். பரீட்சைக்குப் பிறகு வேண்டாம், விடுமுறை தொடங்குவதற்கு முந்திய வெள்ளிக்கிழமையே போவோம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள். தானும் சறுக்கப்போவதாக அறிவித்திருக்கிறாள்.

“ஆன்டி, இடுப்பு ஒடைஞ்சா நாங்க பொறுப்பில்ல லா” என்றாளாம் அந்த லாக்கர்க்காரப் பெண்.

“என் இடுப்ப நான் பாத்துக்கிறேன். அன்னைக்கு ஒன் பைய யாரு பாத்துக்குவாங்கன்னு நீ யோசி” என்றாளாம் இவள்.

மூன்று மாதம் கைக்குள் இருக்கிறது என்று எண்ணியவளுக்கு இப்போது சில வாரங்களே மிஞ்சின. வகுப்பு இல்லாத வேளையெல்லாம் தளத்துக்குப் போனாள். முடிந்த நாள்களில் நானே கொண்டுபோய் விட்டேன். பஞ்சாபி உடையும் மேலே என் பழைய இங்கிலாந்துக் கம்பளிச் சட்டையுமாக, ஓரக் கம்பியைப் பற்றிக்கொண்டு அவள் நகர்வதைக் கண்ணாடிக்கு இப்பால் நின்று பார்ப்பேன். விழுவாள். சிவப்புச் சட்டை அணிந்த மலாய்க் காவலர் வந்து தூக்கிவிடுவார். “பெலான் பெலான், ஆன்டி,” மெதுவாக மெதுவாக என்பார். அவள் தலையாட்டிவிட்டு, அதே வேகத்தில் போய் மறுபடி விழுவாள்.

தீபாவளி முடிந்து கந்த சஷ்டி வந்தது. ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் கொண்டு விரதம் இருப்பவள் அவள். அந்த வாரமாவது போகாமல் இரு என்றேன்.

“விரதம் வயித்துக்குத்தாங்க. காலுக்கு இல்ல.”

அந்த வாரத்தில்தான் அது நிகழ்ந்தது. மாலையில் வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூட வாசலில் ஒழுங்காக விடாமல் கூடத்துக்கு வந்தாள். “இங்க பாருங்க” என்று சொல்லி, கால்களை அகற்றி, முழங்காலை இருபுறமும் மடக்கி, அரைமண்டியில் நின்றாள். சிறுமியாக இருந்தபோது பிரிக்ஃபீல்ட்ஸில் சில ஆண்டுகள் பரதம் பயின்றிருக்கிறாள். அரங்கேற்றம் வரை போகவில்லை. “நேரா நிக்கணும்னு பாத்ததுதான் தப்பு. இப்படி நின்னா ஐஸு என்னைத் தள்ள மாட்டேங்குது. ஒரு கால வெளிய தள்ளுறேன், அடுத்த கால வெளிய தள்ளுறேன், அவ்வளவுதான். கையக்கூட இடுப்பில வச்சுக்கலாம்.” பசியில் முகம் வெளுத்திருந்தது. ஆனால் நான் அவளை அவ்வளவு உயரமாக அதற்குமுன் பார்த்ததில்லை, அத்தனை தாழ்வாக அவள் நின்றபோதும்.

அந்த வெள்ளிக்கிழமை நானும் போனேன். பிள்ளைகள் வந்தார்கள், பழக்கத்தில் பைகளைப் பலகையில் குவித்தார்கள். நிமிர்ந்தபோது, என் மனைவி குனிந்து சறுக்குக் காலணியின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள்.

“அப்ப பைய யாரு பாக்குறது?” என்றான் ஒருவன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “அங்கிள் இருக்காங்கல்ல” என்றாள் என் மனைவி, நிமிராமலே. அலுவலகத்தில் எனக்குக் கீழே ஒரு பிரிவு முழுவதும் வேலை செய்தது. நான் பைகளின் நடுவே அமர்ந்தேன்.

அவள் வாயிலில் பாஸைக் காட்டிவிட்டுப் பனிக்குள் இறங்கினாள். கம்பியை ஒரு கணம் தொட்டாள், பிறகு விட்டாள். அரைமண்டியில் தாழ்ந்து, கைகளை இடுப்பில் ஊன்றி, ஒரு காலையும் மறு காலையும் மாற்றி மாற்றித் தள்ளிக்கொண்டு போனாள். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். அவர்கள் எல்லாரும் நேராக நின்று சறுக்கியவர்கள். இப்படி ஒரு நிலையை எவரும் கண்டதில்லை. தளத்தின் எதிர்க்கோடித் திருப்பத்தில் ஒரு சிறுமி குறுக்கே புகுந்தாள். என் மனைவியின் வலக்கை இடுப்பை விட்டு எழுந்து கம்பியை நோக்கி நீண்டது. கம்பிக்கு ஒரு விரல் அகலம் இருக்கையில் அங்கேயே நின்றது. பிறகு இடுப்புக்கே திரும்பியது. சிறுமியை விட்டு ஒதுங்கி அவள் வளைந்து வந்தாள்.

சிரிப்பு நின்றிருந்தது. “ஆன்டி, டான்ஸா ஆடுறீங்க?” என்று கேட்டுக்கொண்டே அந்த லாக்கர்க்காரப் பெண் பக்கத்தில் வந்தாள்.

“ஆமாண்டி. வழிய விடு.”

வாயிலைக் கடந்தபோது சுற்று முழுமையாயிற்று. பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்றேன். மடியில் இருந்த பை கீழே விழுந்ததை எடுக்கவில்லை. அவள் நிற்காமல் இரண்டாம் சுற்றுக்குப் போனாள். மூன்றாவதற்கும் போனாள்.

அப்போது ஊதல் ஒலித்தது. தளத்தை இழைத்துச் சமமாக்கும் இயந்திரம் வரும் நேரம். எல்லாரும் வெளியேற வேண்டும். வெளியேறினார்கள், அவள் ஒருத்தியைத் தவிர. அவள் சுற்றிக்கொண்டே இருந்தாள். காவலர் மறுபடி ஊதினார். எனக்கு அப்போதுதான் விளங்கியது: அவள் போகக் கற்றிருந்தாள், நிற்கக் கற்கவில்லை. இதுவரை கம்பியைப் பற்றித்தான் நின்றிருக்கிறாள். இன்று கம்பியைப் பிடிப்பதில்லை என்று வைத்துக்கொண்டிருந்தாள்.

“கம்பியப் பிடிங்க ஆன்டி” என்று பிள்ளைகள் கத்தினார்கள். தலையை ஒருமுறை அசைத்தாள், மாட்டேன் என்று. காலைத் தள்ளுவதை நிறுத்தினாள். வேகம் சிறிது சிறிதாகத் தணிந்தது. ஓரத்தை விட்டு விலகி, தளத்தின் நடுவுக்கு வந்து, அங்கே தானாக நின்றாள். பிறகு மெல்ல முழங்காலை நிமிர்த்தி நேராக நின்றாள். காவலர் கை நீட்டியபடி அவளை நோக்கிப் புறப்பட்டார். அவள் உள்ளங்கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள்.

“மூச்சு வாங்குது. இதோ வரேன்” என்றாள்.

இயந்திரத்தில் அமர்ந்திருந்தவர் அதன் ஓட்டத்தை நிறுத்தினார். அவரும், காவலரும், பிள்ளைகளும், நானும் காத்திருந்தோம். அந்தப் பனி முழுவதும் அவளுடையதாக இருந்தது. அவள் அவசரப்படவில்லை.