குதிரையை விட்டு இறங்கி நடந்தவர்

சார்ஜென்ட் முபாரக் காலமானார். காலையில் முத்து போன் செய்தான். "அண்ணே... நம்ம முபாரக் பாய் போயிட்டாருண்ணே."

எல்லைக் காவல் குதிரைப்படையில் இருந்தவர். கடத்தல்காரர்களைப் பிடித்ததற்காகப் பதக்கம் வாங்கியவர். முன்னோர்கள் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்தவர்கள். இவர் பிறந்து வளர்ந்தது அமீரகத்தின் அல் ஐனில்.

பதக்கம் பற்றிப் பத்திரிகையில் எழுதத்தான் ஏழெட்டு வருடங்களுக்கு முன் அவரைத் தேடிப் போனேன். பிறகு நண்பரானார்.

ஒருநாள் லாயத்திலிருந்து அழுக்குச் சட்டையோடு என்னுடன் கிளினிக்குக்கு வந்தார். கவுன்டரில் நம்மூர்ப் பையன். அவர் நிறத்தைப் பார்த்ததும், "உன் கஃபீல் யாரு? ஸ்பான்சர் பேரைச் சொல்லு" என்றான், இந்தியில்.

சொந்த மண்ணில் நிற்கிற மனிதரிடம், விசா கொடுத்த முதலாளி யாரென்று...

முபாரக் சிரித்தார். "என் கஃபீல் லாயத்துல புல் தின்னுக்கிட்டிருக்கு, பாய். கூட்டிட்டு வரவா?"

திரும்பும் வழியில் பேனாவை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, முத்துவைப் பற்றிச் சொன்னார்.

முத்து சிவகங்கைப் பக்கம். பாலைவனத்தில் ஆடு மேய்க்க வந்தவன். கஃபீல் ஊருக்கு அனுப்ப மறுத்ததால் ஓடிவந்து, எல்லையோரம் மணலில் சுருண்டு கிடந்தான். ரோந்து போன முபாரக் பார்த்தார்.

சட்டப்படி ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்தால் மறுபடியும் அதே கஃபீலிடம்தான்.

தண்ணீர் கொடுத்துக் குதிரையில் ஏற்றினார். இரண்டு பேரைச் சுமக்கும் நிலையில் குதிரை இல்லை. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு இவர் நடந்தார்.

முத்து பயத்தில் அழுதிருக்கிறான். முபாரக் தன் கையை அவன் கைக்குப் பக்கத்தில் நீட்டி, "அரே பாய், நீ என்னைவிடக் கறுப்பு! யாராவது கேட்டா என் தம்பின்னு சொல்லிடுறேன்" என்றாராம்.

தன் வீட்டிலேயே வைத்திருந்தார். உடம்பு தேறியதும் தன் காரிலேயே இந்தியத் தூதரக வாசலில் கொண்டுபோய் விட்டார்.

"இதை எழுதாதே. தெரிஞ்சா வேலையும் போகும், பதக்கமும் போகும். நான் இருக்கிறவரைக்கும் வேண்டாம்."

எழுதவில்லை. பதக்கச் செய்தி மட்டும் படத்தோடு வந்தது.

ஊருக்குப் போன முத்து, பிறகு வேறு விசாவில் திரும்பி வந்தான்; முபாரக் மூலம் எனக்கும் பழக்கமானான். இப்போது ஜெபல் அலி துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். இன்று லீவ் போட்டுவிட்டு அடக்கத்துக்குப் போனான்.

சாயங்காலம் மறுபடியும் போன்.

"நான் ஓரமாத்தாண்ணே நின்னேன். அவரு மகன் வந்து என் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி மண்ணு போடச் சொன்னாப்ல. இது யாருன்னு ஒருத்தர் கேட்டாரு... எங்க சித்தப்பான்னுட்டாப்லண்ணே."

பிறகு அவனே கேட்டான்.

"அண்ணே... இனி எழுதலாம்ல?"

"எழுதலாம் முத்து."

மா ஸலாமா, போய் வாருங்கள் முபாரக். இந்தமுறை குதிரையில் நீங்கள் ஏறிக்கொள்ளுங்கள்.