போகும் வழி மட்டும்

எங்கள் குடும்பத்தில் காரைக் கண்டால் பயப்படுகிறவள் யார் என்று கேட்டால் பேரன் பேத்திகள்கூட என்னைத்தான் காட்டுவார்கள். கல்யாணப் பந்தியில் யாராவது கண்டாலா காட் மலை ரோடு என்று வாயெடுத்தால் போதும், நான் நடுவழியில் சாவியைப் பிடுங்கிய கதை ஆரம்பமாகிவிடும். நானும் சிரித்துக்கொண்டே மோர் விட்டுக்கொள்வேன். அந்தக் கதையில் யாருக்கும் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது. அதை இப்போது எழுதுகிறேன்.

அறுபதுகளின் நடுவில் நாங்கள் மாதுங்காவில், மூன்று குழந்தைகளோடு, இரண்டு அறை வீட்டில் இருந்தோம். என் கணவர் கோட்டைப் பக்கம் ஓர் ஆபீசில் ஹெட் கிளார்க். வேலையை விட்டு ஊருக்குப் போன ஓர் அதிகாரியிடமிருந்து ஒரு பழைய காரை வாங்கியிருந்தார். அந்தக் கார் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் பயணம் என்றால் முதலில் நோட்டுதான். எங்கேயாவது போக வேண்டுமென்றால் மூன்று வாரம் முன்னாலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, டிரைவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து, பாலம், மரம், கோயில், வளைவு என்று ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு வருவார். எதுவும் சரியாகப் பிடிபடவில்லை என்றால் டிரைவரையே கேட்பார். பஸ்ஸில் போய்ப் பார்த்துவிட்டு அதே இடத்துக்குக் காரில் போகிற மனுஷனை நான் வேறெங்கும் கண்டதில்லை. "அப்படியே பஸ்லயே போயிட்டு வந்துடலாமே" என்று ஒரு முறை சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அவருடைய தம்பி இதற்கு நேர் எதிர். கல்யாணம் ஆகாதவன். செம்பூரில் சிநேகிதர்களோடு அறை எடுத்துக்கொண்டு, டிராம்பே பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தான். அங்கே ஜீப்பும் ஓட்டுவான், சொந்தமாக ஒரு மோட்டார் சைக்கிளும் வைத்திருந்தான். நாசிக்குக்குக் கிளம்பினேன், மனசு மாறி அலிபாக் போய்விட்டேன் என்று சாதாரணமாகச் சொல்வான். வழி தெரியாவிட்டால் டீக்கடையில் நிறுத்துவான். வழி தெரிந்தாலும் டீக்கடையில் நிறுத்துவான். "அண்ணா, நான் எங்க தும்முவேன்னு உன் நோட்டுல எழுதியிருக்கா?" என்று கேட்பான். அண்ணாவுக்கு முகம் சிவந்துவிடும். அந்தத் தம்பியிடம் தோற்பது என்பது அவரால் தாங்க முடியாத ஒன்று. இதை மறக்காமல் சொல்லி வைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த ஆவணியில் பூனாவில் என் நாத்தனார் புது வீட்டுக்குக் கிருகப்பிரவேசம் வைத்திருந்தாள். ஞாயிறு காலை முகூர்த்தம். சனிக்கிழமை எல்லோருமாகக் கிளம்புவதாக ஏற்பாடு. யாராக இருந்தாலும் விடிந்தும் விடியாமலும் கிளம்பி, வெயிலுக்கு முன்னால் மலையேறிவிடுவார்கள். இவர் மட்டும் பத்தரைக்கு மேல்தான் என்று நின்றார். ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலமாம்.

"ஆறு மணிக்கே கெளம்பிட்டா ராகு காலம் எங்கேர்ந்து வரும்?" என்றேன்.

"பத்தரைக்கு மேலதான்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

கிளம்பினோம். குழந்தைகள் பின்னால். நான் முன் சீட்டில், மடியில் நோட்டு. நான் வாசிக்க வேண்டும், அவர் ஓட்டுவார், எப்போதும் அப்படித்தான். சயான், விக்ரோலி, தாணா எல்லாம் அவருக்கு மனப்பாடம். அதற்கப்புறம் வாத்தியார் முன்னால் பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஆரம்பித்தேன். "கல்வா பாலம். பாலம் முடிஞ்சதும் வலது. மும்ப்ரா வரைக்கும் வலது பக்கம் மலை." இது அவருடைய ஜம்பம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து ஓத, தான் ராஜா மாதிரி ஓட்டுவதில் ஒரு சந்தோஷம். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. தோன்றவும் வழியில்லை. வீட்டில் கண்ணாடி போடாமல் பேப்பரில் பொடி எழுத்தைப் படித்துக் காட்டுகிற மனிதர் அவர்.

மைத்துனன் மோட்டார் சைக்கிளில் பனவேல் வரை எங்களோடு முன்னும் பின்னுமாக வந்தான். அங்கே ஜன்னல் பக்கம் வந்து, "மன்னி, இந்த வேகத்துல போனா அடுத்த கிருகப்பிரவேசத்துக்குத்தான் போய்ச் சேருவேள். நான் மேல டீக்கடைல இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பறந்தான். கோபோலி தாண்டியதும் மலை ஆரம்பித்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. மூன்றாவது வளைவில் மேகம் இறங்கி ரோட்டை மூடியது. நான் எட்டாவது வளைவு என்று வாசித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். எதிரே, கூப்பிடு தூரம்கூட இல்லை, ஓர் ஆள் சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கார் அவன் மேல் போய்க்கொண்டிருக்கிறது.

"ஏன்னா, கொடி. நிறுத்துங்கோ."

"எங்க?" என்றார்.

பிரேக்கை அழுத்தினார். அந்த ஆள் தாவி ஒதுங்கி, முன்னால் வந்து காரின் பானெட்டில் ஓங்கி அறைந்து, மராட்டியில் எங்கள் ஏழு தலைமுறையையும் இழுத்தான். மழையில் பாறை சரிந்து பாதி ரோட்டை அடைத்திருந்தது. மீதிப் பாதியில் வண்டிகளை ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களையும் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். இவர் அசையவே இல்லை. கை காட்டியதும் தெரியவில்லை.

"கொடி உங்களுக்குத் தெரியலையா?"

"படி."

"இந்த எடம் நோட்டுல இல்லை. ரோட்டை மாத்திவிட்டிருக்கா."

பின்னால் குழந்தைகளுக்குக் கேட்காதபடி தணிந்த குரலில் சொன்னார்: "அப்போ நீ பாத்துச் சொல்லு. எனக்கு எல்லாம் பால் மாதிரி வெள்ளையா இருக்கு."

"எப்போலேர்ந்து?"

"அதெல்லாம் அப்புறம். சொல்லு."

எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. பஸ் ஏறி ஏறி எழுதியது, என்னை வாசிக்க வைத்தது, காலையில் கிளம்ப மறுத்தது. பூனா கிழக்கே இருக்கிறது, காலை வெயில் நேரே முகத்தில் அடிக்கும். பாவம் ராகு காலம், அதன் மேல் பழியைப் போட்டிருக்கிறார். கண்ணில் புரை விழுந்து கிட்டத்தில் தெளிவாகவும் தூரத்தில் ஒன்றுமில்லாமலும் போகும் என்பது டாக்டர் சொல்லி எனக்குப் பின்னால்தான் தெரியும். அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் மூன்று குழந்தைகளும் இருக்கிற காரைக் கண் தெரியாத ஒருவர் மலைமேல் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

நிறுத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வலது பக்கம் பாறை. இடது பக்கம் வெள்ளையடித்த தடுப்புக் கல், அதற்கப்பால் வெறும் மேகம். பின்னால் இரண்டு லாரிகள் உறுமிக்கொண்டு ஒட்டி ஏறின. ஒதுங்க இடமில்லை. நான் ஸ்டியரிங்கைத் தொட்டதுகூடக் கிடையாது. இடது என்று சொன்னால் எவ்வளவு திருப்புவார் என்பதும் தெரியாது. "கொஞ்சம் இடது. இன்னும் கொஞ்சம். போறும்." குழந்தைக்கு ஸ்பூனில் மருந்து விடுகிறபோது சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே வந்தேன். குரலை மட்டும் நடுங்கவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவருடைய காதோரம் வியர்வை வழிந்து சட்டைக் காலர் நனைந்திருந்தது. பெரியவள், "என்னம்மா, நோட்டுல எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்னே எழுதியிருக்கா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

இரண்டு வளைவு அப்படிப் போனோம். மூன்றாவதில் ஹாரன் கேட்டது. மேகத்துக்குள்ளிருந்து மஞ்சளாக இரண்டு விளக்குகள் இறங்கி வந்தன.

"வெளிச்சம் தெரியறது" என்றார். "அவன் பக்கத்துல வரானா, நம்ம பக்கத்துலயா?"

எனக்குப் பதில் தெரியும். நம்ம பக்கத்தில்தான் வந்துகொண்டிருந்தான். வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. மூச்சு மட்டும் வெளியே போனது. பின்னாலிருந்து சின்னவள், "அம்மா, லாரி நம்ம மேல வரது" என்று அழ ஆரம்பித்த பிறகுதான் எனக்குக் குரல் வந்தது. "இடது, இடது, இடது" என்று கத்தினேன். இடது பக்கம்தான் பள்ளம். அது தெரிந்தேதான் கத்தினேன். கார் தடுப்புக் கல்லில் உராய்ந்து ஒரு சத்தம் வந்தது. லாரியின் நனைந்த தார்ப்பாய்க் கயிறு எங்கள் ஜன்னலில் அடித்துக்கொண்டே போனது. அவர் மறுபடியும் கியரைப் போட்டார். நான் மறுபடியும் "கொஞ்சம் வலது" என்றேன்.

மேலே டீக்கடை வந்ததும் நிறுத்தச் சொன்னேன். நின்றதும் நிற்காததுமாகச் சாவியைத் திருகி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். மைத்துனன் கையில் வடையோடு வந்தான். "என்ன மன்னி, மொகம் இப்படி வெளுத்திருக்கு?"

இவர் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பினார். என் முகம் அவருக்குத் தெரிந்ததோ இல்லையோ, அவர் முகம் எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொல்லிவிட்டால் அந்தத் தம்பி முன்னால், அந்தக் குழந்தைகள் முன்னால், அதற்கப்புறம் அவர் தலை நிமிராது. சொல்லாமல் விட்டால் பூனா வரைக்கும் இன்னும் எத்தனையோ லாரி இருக்கிறது.

"எனக்கு பயமா இருக்கு" என்றேன். "இனிமே இவர் ஓட்டினா நான் இந்தக் கார்ல வரமாட்டேன். நீ ஓட்டு."

மைத்துனன் விழுந்து விழுந்து சிரித்தான். "அண்ணா மாட்டு வண்டி வேகத்துல ஓட்டறதுக்கே மன்னிக்கு பயமாம்" என்று டீக்கடைக்காரனுக்கு ஹிந்தியில் சொன்னான். மோட்டார் சைக்கிளை அவனிடமே விட்டுவிட்டு, "நாலு நாள் கழிச்சு எடுத்துக்கறேன்" என்று வந்து ஏறினான். யோசிக்கவே இல்லை. இவர் இறங்கி, காரைக் கையால் தடவிக்கொண்டே மறுபக்கம் வந்தார். தம்பியிடம், "அவளுக்கு எப்பவுமே பயம்தான்" என்றார். எனக்கு அவரை அங்கேயே அறைய வேண்டும்போல இருந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு பின் சீட்டில் குழந்தைகளை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

தீபாவளிக்குள் காரை விற்றுவிட்டார். ஆத்துக்காரிக்குப் பயம் என்று ஆபீசில் சொன்னாராம். அடுத்த வருஷம் கண்ணை ஆபரேஷன் செய்தார்கள். தலையை ஆட்டக் கூடாதென்று இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்துப் படுக்கப் போட்டார்கள். ஸ்பூனில் கஞ்சி விடும்போது, "கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போறும்" என்றேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அந்த மலை நினைவுக்கு வந்தது.

பிறகு நாங்கள் செம்பூருக்கு வீடு மாறினோம். சாமான் கட்டும்போது அந்த நோட்டு கிடைத்தது. அன்று எட்டாவது வளைவுக்கு மேல் நான் அதைப் புரட்டவே இல்லை. இப்போது புரட்டினேன். கடைசியாக எழுதியிருந்தது இதுதான்: "மலை உச்சி. டீக்கடை. தம்பி அங்கே இருப்பான்." அதற்குக் கீழே ஒன்றுமில்லை. பூனாவுக்கு மிச்ச வழியும் இல்லை. திரும்பி வரும் வழியும் இல்லை. ஒரு மைல் விடாமல் எழுதுகிற மனுஷர் அங்கேயே பேனாவை மூடியிருக்கிறார்.

தடிக் கண்ணாடி போட்டுக்கொண்டு கயிறு கட்டிக்கொண்டிருந்தவரிடம் நோட்டை நீட்டினேன். "இதுக்கு மேல நீங்க ஓட்டறதா இல்லையா?"

பார்த்தார். கயிற்றைக் கீழே வைத்தார். "இல்லை. அவன்கிட்ட குடுத்துடணும்னுதான் இருந்தேன். கேக்க வாய் வராதுன்னும் தெரியும். நீ கேட்டுடுவேன்னு நெனச்சேன்."

"நான் கேக்காம இருந்திருந்தா?"

அவர் மறுபடி கயிற்றை எடுத்து முடிச்சுப் போட ஆரம்பித்தார். நான் அந்த நோட்டைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன். லாரி விளக்குக்கு முன்னால் பதில் தெரிந்தும் குரல் வராமல் நான் உட்கார்ந்திருந்த அந்த நேரம் அவருக்குத் தெரியாது. அதை இன்றுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை.