யார் என்ன செய்கிறார்கள்

சோறு பிசைந்த கையோடு எழுந்து போய்க் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார் கொளஞ்சிநாதன். ரசம் ஊற்றுவதற்குள் இன்னொரு தடவை. "யாரு வந்துருக்கா?" என்று கேட்பதை அவர் மனைவி இளமதி என்றைக்கோ விட்டுவிட்டாள். "மொதல்ல நீங்க எங்க இருக்கீங்கன்னு அதுல பாத்துச் சொல்லுங்க" என்பாள்.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில், வீட்டு முன்னறையில் போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். பேசும்போது எதிரில் இருப்பவரின் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பார். டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார். பஸ் வர நேரமானால் அடுத்த நிறுத்தத்துக்கு நடந்து போய், அங்கே பஸ்ஸைத் தவறவிடுவார்.

இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டில் அவர் நாலு போன் லைன் இழுத்து, நாலு மோடம் வாங்கி, எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில் மாட்டினார். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் தங்கள் போன் வழியாக அதற்குள் வரலாம். அறிவிப்பு எழுதலாம், கடிதம் போடலாம், அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர்களோடு எழுத்திலேயே பேசலாம். எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழ். "இன்டர்நெட்டு மாதிரி செலவு கெடையாதுங்க. உள்ளூர் போன் காசுதான்" என்று வீடுவீடாகச் சொல்லிவிட்டு வந்தார். முதலில் வந்தவர்கள் பீங்கான் கம்பெனிக்காரர்கள். சூளையில் இடம் இருக்கிறதா, களிமண் லாரி வந்துவிட்டதா, கரன்ட் பெட்டிக்குப் பீங்கான் பியூஸ் கேரியர் யாருக்கு வேண்டும் என்று எழுதிப்போட்டார்கள். 'கொளஞ்சி போர்டு' என்று பெயர் விழுந்தது.

உள்ளே வந்தவர்களின் பெயர் திரையில் தெரியும். அது அவருக்குப் போதவில்லை. "ஆளு உள்ள இருக்காரு. இருந்து என்னா பண்றாருன்னு தெரியலன்னா எனக்கு இருப்பு கொள்ளலங்க." முட்டி மோதி, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இன்னொரு கட்டம் சேர்த்தார். படிக்கிறார். எழுதுகிறார். சும்மா இருக்கிறார். இன்னாருடன் தனிப்பேச்சில் இருக்கிறார். உள்ளே வந்த எல்லாருக்கும் எல்லாரையும் பற்றித் தெரிந்தது. ஊருக்கு அது ரொம்பவும் பிடித்துப்போயிற்று.

தனிப்பேச்சு இருவருக்கு மட்டும் என்றுதான் எல்லாரும் நம்பினார்கள். போர்டின் சொந்தக்காரர் நினைத்தால் அதையும் படிக்கலாம் என்பது கொளஞ்சிநாதனுக்கு மட்டுமே தெரியும். படிப்பார். தப்பு என்று வெளியே வருவார். இரண்டு மூச்சு விடுவதற்குள் மறுபடி உள்ளே போவார்.

தர்மராஜின் பீங்கான் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள் பூங்கோதை. கம்பெனிக்கு வரும் ஆர்டர்களைப் போர்டில் பார்ப்பதும் அவள் வேலைதான். ஒருநாள் தர்மராஜ் தன் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே வந்தபோது, 'பூங்கோதை: அமீனுதீனுடன் தனிப்பேச்சில் இருக்கிறார்' என்று கண்டார். மறுநாளும் அப்படியே. அமீனுதீன் மங்கலம்பேட்டை வியாபாரி. தர்மராஜின் போட்டிக் கம்பெனியில் சரக்கு எடுப்பவர்.

"என் வெலையெல்லாம் அங்க போயி சொல்றியா?" என்று கேட்டார் தர்மராஜ்.

"இல்லங்க. இது எங்க வூட்டு விஷயம்."

"அப்ப வூட்டுலயே இரு."

அவளுக்கு வேலை போன சேதி அன்று சாயங்காலமே கடைக்கு வந்துவிட்டது. கொளஞ்சிநாதன் கழற்றிய போனை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அவர்தான் அந்தப் பேச்சைப் படித்திருந்தாரே. பூங்கோதையின் கணவன் அர்ச்சுனன் சவுதிக்குப் போய், மாதக்கணக்காக ஒரு போன்கூட இல்லை. அமீனுதீனின் தம்பி அங்கேதான் இருக்கிறான். ஊரில் யாருக்கும் தெரியாமல் விசாரித்துச் சொல்லும்படி அவள் கெஞ்சியிருந்தாள்.

பழமலைநாதர் கோயில் வரைக்கும் நடந்தார்; உள்ளே போகாமல் திரும்பினார். கடைத்தெருவை ஒரு சுற்று சுற்றினார். கடைசியில் தர்மராஜின் ஆபீசில் போய் நின்றார்.

"மொதலாளி, அந்தப் பொண்ணு உங்க யாவாரத்தப் பத்தி ஒரு வார்த்த பேசலங்க."

"ஒனக்கு எப்படிய்யா தெரியும்?"

கொளஞ்சிநாதன் மேசைமேல் இருந்த பீங்கான் பொம்மையை எடுத்துத் திருப்பினார். வைத்தார். மறுபடி எடுத்தார். "படிச்சேங்க."

"தனிப்பேச்சயா?"

"ஆமாங்க."

தர்மராஜின் முகம் மாறியது. "அப்ப நான் பேசுனதையும்?"

"அதையும்தாங்க."

"என்னா பேசுனா அவ?"

"அத மட்டும் சொல்ல மாட்டேங்க. படிச்சதே தப்பு."

தர்மராஜ் பொம்மையை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தார். "நாளைக்கு வரச் சொல்லு அந்தப் பொண்ண. நீ இனிமே இந்தப் பக்கம் வராத."

பூங்கோதைக்கு வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் தர்மராஜின் வாய் சும்மா இருக்கவில்லை; தனிப்பேச்சையெல்லாம் கொளஞ்சி படிக்கிறான் என்று ஊரெல்லாம் சொன்னார். கம்பெனிகள் ஒவ்வொன்றாக விலகின. நாலு லைனில் மூன்று யாரும் கூப்பிடாமல் சும்மா கிடந்தன.

ஒருநாள் பூங்கோதை கடை வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"எங்க வூட்டுக்காரரு சங்கதியெல்லாம் படிச்சீங்களாண்ணா?"

"படிச்சேம்மா."

"நீங்க போயி சொன்னதாலதான் வேல கெடச்சிது. இல்லன்னு சொல்லல. ஆனா உங்க மொகத்தப் பாக்கவே கூச்சமா இருக்குது." இளமதி கொண்டுவந்த தண்ணீரை வாங்காமலே போய்விட்டாள்.

அன்றைக்கே கொளஞ்சிநாதன் பெயர்களுக்குப் பக்கத்தில் சேர்த்த அந்தக் கட்டத்தை அழித்தார். தனிப்பேச்சைப் படிக்கும் வழியையும் அடைத்தார். போர்டில் ஓர் அறிவிப்பு போட்டார்: 'இதுவரை நீங்கள் பேசியதைப் படித்தேன். இனி என்னாலும் படிக்க முடியாது. கொளஞ்சிநாதன்.'

"இழுத்து மூடிட்டுப் போவலாமில்ல" என்றாள் இளமதி.

"அது எதுக்கு? யாராச்சும் வருவாங்க."

வாரங்கள் போயின. ஒரு மத்தியானம் மோடம் கீச்சிட்டது. திரையில் பூங்கோதையின் பெயர் விழுந்தது. சற்றுப் பொறுத்து அடுத்த லைனில் அமீனுதீன். பெயர்களுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. அர்ச்சுனனிடமிருந்து தகவல் வந்ததா, நல்லதா, கெட்டதா, அழுகிறாளா, சிரிக்கிறாளா, ஒன்றும் தெரியவில்லை. கொளஞ்சிநாதன் எழுந்தார், வாசல்வரை போனார், திரும்பி வந்தார். பிறகு இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் கொடுத்து, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.